நான்கு பட்டியல்கள்: கெடாவில் ஹெப்படைட்டிஸ் சி மருந்துக்கு விலை கொடுப்பது யார்?

1. கேள்வியும் அதன் எல்லையும்

ஹெப்படைட்டிஸ் சி ரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலில் தங்கும் வைரஸ். 1989இல்தான் அது அடையாளம் காணப்பட்டது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலேயே ஆறு மாதத்துக்குள் வைரஸ் நீங்கிவிடுகிறது, மற்றவர்களிடம் நிலைத்துவிடுகிறது. அப்படி நிலைத்தவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இருபது ஆண்டுகளுக்குள் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் வருகிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலோருக்கு உடம்பில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. வயிறு வீங்கியோ ரத்த வாந்தி எடுத்தோ மருத்துவமனைக்கு வரும்போது நோய் முற்றியிருக்கும்.

மலேசியாவில் 2009ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீடு, 15 முதல் 64 வயதுக்கு உட்பட்டோரில் 2.5 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 4,53,700 பேருக்கு, இத்தொற்று இருந்ததாகக் கூறுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஊசிவழிப் போதைப் பழக்கத்தால் தொற்று வந்தது. 1994இல் ரத்தக் கொடைக்கு ஹெப்படைட்டிஸ் சி பரிசோதனை தொடங்கும் முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் இன்னொரு பிரிவினர். பிரசவத்திலோ விபத்திலோ எப்போதோ ரத்தம் ஏற்றிக்கொண்டு அதை மறந்தே போன முதியவர்களும் இவர்களுள் அடங்குவர். இதைப் போதைக்காரர் நோய் என்று மட்டும் பார்க்கும் வழக்கம் பரிசோதனைக்கு வருவோரைத் தயங்க வைக்கிறது.

இன்று இந்நோய்க்கு 12 வார மாத்திரைச் சிகிச்சை உண்டு. பெரும்பான்மையோருக்கு அது முழுக் குணம் தருகிறது. அதே மாத்திரையின் விலை ஒரு காலத்தில் ஒரு வீட்டின் விலையாக இருந்தது. மலேசியாவின் வட மாநிலமான கெடாவின் தோட்டத்திலோ தோட்டத்தை விட்டு வந்த நகர்ப்புறக் குடியிருப்பிலோ வாழும் கூலித் தொழிலாளி ஒருவர் இந்த மருந்தை எந்த வழியில் பெறுகிறார், அதற்கு உண்மையில் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

மருந்து விலை குறித்த விவாதம் வழக்கமாக நோயாளியின் பணப்பையிலிருந்து தொடங்குகிறது: சேமிப்பு, காப்புறுதி, நன்கொடை, கடன். இவ்வைரஸ் மருந்தின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. நோயாளி கொடுக்கும் விலையை நான்கு பட்டியல்கள் தீர்மானிக்கின்றன. உரிமம் பெற்ற நாடுகளின் பட்டியல் முதலாவது. அரசு மருந்துப் பட்டியல் இரண்டாவது. குடிமக்களின் பட்டியல் மூன்றாவது. மருந்து கிடைக்கும் கிளினிக்குகளின் பட்டியல் நான்காவது. எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு செலவு இவற்றுக்கு வெளியே நிற்கிறது.

2. ஒரு மாத்திரை, பல விலைகள்

2013 வரை ஹெப்படைட்டிஸ் சிக்கு இருந்த முதன்மைச் சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். 24 முதல் 48 வாரம் வரை வாரம் ஒரு ஊசி. காய்ச்சல், மனச்சோர்வு, ரத்தசோகை போன்ற பக்கவிளைவுகளால் பலர் பாதியில் நிறுத்தினர். உடல் உழைப்பை நம்பிப் பிழைப்பவருக்கு அது கிட்டத்தட்ட ஓராண்டு முடங்கிக் கிடப்பதற்குச் சமம்.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சொஃபோஸ்புவிர் இந்த நிலையை மாற்றியது. ஃபார்மாசெட் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய இந்த மூலக்கூற்றை, அந்நிறுவனத்தையே சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியதன் மூலம் கிலியட் பெற்றது. அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு வைக்கப்பட்ட விலை 84,000 டாலர். நாளுக்கு ஒன்று வீதம் 84 மாத்திரை; ஆக, மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர்.

இந்த விலைக்கும் தயாரிப்புச் செலவுக்கும் உள்ள இடைவெளியை லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில் குழு 2014இல் கணக்கிட்டது. பெருமளவில் தயாரித்தால் 12 வாரச் சிகிச்சைக்கான சொஃபோஸ்புவிர் 68 முதல் 136 டாலருக்குள் முடியும் என்பது அக்குழுவின் முடிவு. அதே ஆண்டு எகிப்து அரசுக்குக் கிலியட் இதை 900 டாலருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆக, மருந்து ஒன்றுதான். அதன் விலை எவ்வளவு என்பது வாங்கும் நாட்டையும் அந்த நாடு பேரம் பேசும் வலிமையையும் பொறுத்திருந்தது.

மலேசியத் தொழிலாளியின் கண்ணுக்கு இந்த எண்களின் பொருளைக் கொண்டுவர ஒரு கணக்குப் போதும். 2017இல் தீபகற்ப மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரிங்கிட். அன்றைய மாற்று மதிப்பில், டாலருக்கு 4.20 ரிங்கிட் என்று கொண்டால், 84,000 டாலர் 3,52,800 ரிங்கிட். ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 29 ஆண்டுச் சம்பளம் அது. 300 டாலர் என்றால் 1,260 ரிங்கிட்: ஒன்றேகால் மாதச் சம்பளம். மலேசியாவில் அமெரிக்க விலை அப்படியே கேட்கப்படவில்லை என்றாலும், இந்த இரு எண்களுக்கு நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் நாட்டின் முன் இருந்த கேள்வி.

3. முதல் பட்டியல்: உரிமம் பெற்ற நாடுகள்

2014 செப்டம்பரில் கிலியட் இந்திய ஜெனரிக் நிறுவனங்களுக்குத் தன்னார்வ உரிமம் வழங்கியது. அவர்கள் சொஃபோஸ்புவிரைத் தயாரித்து 91 நாடுகளில் விற்கலாம். நாளடைவில் அந்த எண்ணிக்கை 101 ஆனது. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. தாய்லாந்து, உக்ரைன், பெலாருஸ் ஆகியவையும் இல்லை. மலேசியாவை உயர்-நடுத்தர வருமான நாடாக உலக வங்கி வகைப்படுத்தியிருந்தது. பட்டியல் இத்தகைய வகைப்பாட்டை ஒட்டியே அமைந்தது.

இங்கே ஒரு சராசரி செய்யும் பிழையைக் கவனிக்க வேண்டும். தலைவீத வருமானம் நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்து வருவது. கோலாலம்பூரின் வங்கிகளும் திரெங்கானுவின் எண்ணெய்யும் சேர்ந்த அந்தச் சராசரியில் கெடாவின் பாடாங் செராயில் பால்மரம் வெட்டுபவரின் கூலி கரைந்துபோகிறது. நடுத்தர வருமான நாட்டின் ஏழைக்கு, ஏழை நாட்டின் ஏழைக்குக் கிடைத்த விலை கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் அவருடைய வருமானமன்று, அவருடைய அண்டை மாநிலத்தவரின் வருமானம்.

இது மலேசியாவுக்குப் புதிதன்று. எச்.ஐ.வி. மருந்துகளின் விலை எட்டாமல் இருந்தபோது, 2003 அக்டோபரில் மலேசிய அரசு 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைப் பயன்படுத்தியது. காப்புரிமை பெற்ற பொருளை அரசு தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கும் பிரிவு அது. இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து டிடனோசின், சிடோவுடின், லாமிவுடின்-சிடோவுடின் கூட்டு மாத்திரை ஆகியவற்றை இரண்டு ஆண்டுகளுக்கு இறக்குமதி செய்ய அதன்கீழ் ஒப்புதல் தரப்பட்டது. சுகாதார அமைச்சு நோயாளி ஒருவருக்கு மாதம் செலவிட்ட தொகை சராசரியாக 315 டாலரிலிருந்து 58 டாலராக இறங்கியது. உலக வர்த்தக நிறுவனத்தின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 31ஆம் விதியில் இதற்கு இடம் தருகிறது; 2001இன் தோஹா பிரகடனம் அந்த உரிமையை மேலும் உறுதிசெய்தது. பொதுத் தேவைக்காக, வணிக நோக்கமின்றி அரசு பயன்படுத்தும்போது காப்புரிமையாளரிடம் முன்கூட்டிப் பேரம் பேசவேண்டிய கட்டாயம் இல்லை; ஆனால் அவருக்குத் தகுந்த ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும்.

4. 2017இன் முடிவு: மூன்று விளக்கங்கள்

2017 ஆகஸ்டு 4 அன்று மலேசிய அமைச்சரவை சொஃபோஸ்புவிருக்கும் அதே உரிமையைப் பயன்படுத்த முடிவெடுத்தது. விலைப் பேச்சும், மருந்துக் காப்புரிமைத் தொகுப்பு அமைப்பின் வழியே பட்டியலில் இடம்பெறும் முயற்சியும் பலிக்காததே காரணம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. ஆகஸ்டு 24 அன்று மலேசியா உள்ளிட்ட நான்கு நாடுகளைத் தன் உரிமப் பட்டியலில் சேர்ப்பதாகக் கிலியட் அறிவித்தது. செப்டம்பர் 20 அன்று, அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் ச. சுப்பிரமணியம் அரசின் முடிவை வெளியிட்டார். சொஃபோஸ்புவிருக்கு இத்தகைய அரசு உரிமத்தைப் பயன்படுத்திய முதல் நாடு மலேசியா.

விலை ஏன் இறங்கியது என்பதற்கு மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, அரசு உரிமமே காரணம் என்பது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்றாம் உலக வலையமைப்பு போன்ற அமைப்புகள் இவ்வாறு வாதிடுகின்றன. இருபது நாள் இடைவெளியில் வந்த கிலியட்டின் அறிவிப்பு இதற்கு வலுச் சேர்க்கிறது. மூன்று ஆண்டு பட்டியலுக்கு வெளியே நின்ற நாடு, அமைச்சரவை முடிவு வந்த அதே மாதத்தில் உள்ளே வந்தது.

இரண்டாவது, தன்னார்வ உரிமமே போதுமானதாக இருந்தது, அரசின் நடவடிக்கை தேவையற்றது, புத்தாய்வில் முதலிடுவோரை அது அஞ்சவைக்கும் என்பது. அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கம் இந்த நிலையில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தது. ஆகஸ்டு 24க்குப் பிறகும் அரசு பின்வாங்காதது ஏன் என்பது இவர்களின் கேள்வி. அதற்கு விடை மூன்றாவது விளக்கத்தில் கிடைக்கிறது.

மூன்றாவது, மாற்று வழங்குநர் ஒருவர் இருந்ததே அடிப்படை என்பது. புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான மருந்து முன்முயற்சி என்ற இலாப நோக்கற்ற ஆய்வமைப்பு 2016 ஏப்ரலில் எகிப்தின் ஃபார்கோ நிறுவனத்துடன் ஓர் உடன்பாடு கண்டது. சொஃபோஸ்புவிரும் ராவிடாஸ்விர் என்ற புதிய மருந்தும் சேர்ந்த முழுச் சிகிச்சையை 300 டாலருக்கு மேற்படாத விலையில் ஃபார்கோ தரவேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் இணைந்து நடத்திய மருத்துவச் சோதனைக்கு இந்த மருந்தே பயன்பட்டது. ஃபார்கோ, கிலியட்டின் இந்திய உரிமதாரர்களின் வட்டத்துக்கு வெளியே இருந்த நிறுவனம். தன்னார்வ உரிமத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த எகிப்திய வழி அடைபட்டிருக்கும். அரசு உரிமம் அதைத் திறந்து வைத்தது.

தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் மூன்றும் தனித்தனி விளக்கங்களாக நிற்பதில்லை. 2016இல் 300 டாலர் என்ற எண் மேசைக்கு வந்தது. அதற்குமுன் குறைந்த விலை என்பது வெறும் கோரிக்கை. 2017 ஆகஸ்டில் அந்த விலையில் வாங்கும் சட்ட வழியை அரசு கையில் எடுத்தது. அதன்பிறகு காப்புரிமையாளர் வழிவிட்டார். விற்பவர் ஒருவர் தயாராக இல்லாத நாட்டில் அரசு உரிமம் காகிதத்தோடு நின்றுவிடும். சட்ட வழி இல்லாத நாட்டில் 300 டாலர் மருந்தைச் சோதனைக்கு வெளியே விற்க முடியாது. மலேசியாவில் இரண்டும் ஒரே காலத்தில் கூடிவந்தன.

மற்ற வைரஸ் மருந்துகளிலும் மலேசியா பட்டியலுக்கு வெளியே நின்றதுண்டு. எச்.ஐ.வி. மருந்தான டொலுடெகிராவிருக்கான உரிமத்தில் மலேசியா 2020 நவம்பரில்தான் சேர்க்கப்பட்டது. அஜர்பைஜான், பெலாருஸ், கஜகஸ்தான் ஆகியவற்றோடு சேர்த்துத் தனி உடன்பாடாக அது வந்தது. கோவிட் மருந்தான பாக்ஸ்லோவிட்டுக்கு ஃபைசர் 2021இல் வழங்கிய 95 நாட்டு உரிமத்தில் மலேசியாவுக்கு இடமில்லை. அரசே வாங்கி 2022 ஏப்ரல் முதல் ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்குக் கொடுத்தது. பட்டியலுக்கு வெளியே நிற்பது மலேசியாவுக்குத் திரும்பத் திரும்ப வரும் நிலை என்பதை இவை காட்டுகின்றன.

5. இரண்டாம் பட்டியல்: அரசு மருந்துகள்

நாட்டுக்குள் மலிவாக வந்த மருந்து நோயாளியின் கைக்கு வர, சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஏற வேண்டும். அந்தப் பட்டியல் மருந்தின் பெயரோடு அதை யார் எழுதித் தரலாம் என்பதையும் சொல்கிறது. சில மருந்துகளை ஆலோசக மருத்துவரும் நிபுணரும் மட்டுமே தொடங்கலாம். சிலவற்றைச் சுகாதாரக் கிளினிக்கின் குடும்பநல நிபுணரும் தொடங்கலாம். சிலவற்றை எந்த மருத்துவ அதிகாரியும் எழுதலாம். பட்டியலில் மருந்து இருந்தும் எழுதித் தர ஆளில்லாத இடத்தில் அது இல்லாததற்குச் சமம்.

இந்தக் கட்டத்தில் கெடாவுக்குத் தனி இடம் உண்டு. அலோர்ஸ்டாரின் சுல்தானா பஹியா மருத்துவமனை வடக்கு மாநிலங்களின் கல்லீரல் சிகிச்சைக்கு முதன்மையான அரசு மையங்களில் ஒன்று. அங்கே பணியாற்றிய டாக்டர் முஹம்மட் ராட்ஸி அபு ஹசான் ராவிடாஸ்விர் சோதனையின் ஆய்வாளர்களுள் ஒருவர். 2023இல் அவர் நாட்டின் சுகாதாரத் தலைமை இயக்குநரானார். அந்தச் சோதனையில் 301 நோயாளிகள் பங்கேற்றனர். மருந்து முடிந்து 12 வாரத்துக்குப் பின் நடந்த ரத்தப் பரிசோதனையில் 97 விழுக்காட்டினரிடம் வைரஸ் காணப்படவில்லை. முடிவுகள் 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு 2021இல் மருத்துவ இதழில் வெளிவந்தன. 2021 ஜூனில் மலேசியா ராவிடாஸ்விருக்குப் பதிவு வழங்கியது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது ஏறியது.

2018 மார்ச் முதல் அரசு மருத்துவமனைகளில் ஹெப்படைட்டிஸ் சி மாத்திரைச் சிகிச்சை கட்டணமின்றித் தொடங்கியது. சொஃபோஸ்புவிரும் டக்லாடாஸ்விரும் சேர்ந்த கூட்டு அதன் முதுகெலும்பு. வழக்கமாக 12 வாரம். சிரோசிஸ் வந்தவர்களுக்கு 24 வாரம் வரை நீளும்.

6. மூன்றாம் பட்டியல்: குடிமக்கள்

மலேசியாவில் அரசுச் சுகாதாரக் கிளினிக்கின் வெளிநோயாளிக் கட்டணம் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். மருத்துவரைப் பார்ப்பதும் மருந்தும் அதற்குள் அடங்கும். நிபுணர் கிளினிக்கில் ஒருமுறைக்கு 5 ரிங்கிட்; தனியார் மருத்துவரின் கடிதத்தோடு முதல்முறை போனால் 30 ரிங்கிட். 1951ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணைகள் வகுத்த தொகை இது. தோட்டப்புறத்தில் 'ஒரு வெள்ளி' என்று சொல்லும் அந்தத் தொகை பல பத்தாண்டுகளாக மாறவில்லை.

வெளிநாட்டவருக்கு இதே சேவை வெளிநோயாளிப் பிரிவில் 40 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 120 ரிங்கிட். பரிசோதனைக்கும் மருந்துக்கும் தனிக் கட்டணம். கெடாவின் தோட்டங்களில் இன்று வேலை செய்வோரில் பெரும்பங்கினர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் என்பதால் இந்த வேறுபாடு பலரைத் தொடுகிறது.

தமிழர்களிடையே இது இன்னொரு வடிவம் எடுக்கிறது. தோட்டத்திலேயே பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டதாலோ பெற்றோரின் திருமணம் பதிவாகாததாலோ அடையாள அட்டை இல்லாமல் போனவர்கள் உண்டு. மூன்று தலைமுறையாகக் கெடாவில் வாழ்ந்தாலும் மருத்துவமனைக் கட்டண மேசையில் அவர்கள் வெளிநாட்டவரே. மருந்தின் விலையை 300 டாலராக இறக்கிய உரிமம் இவர்களுக்கும் பொதுவானது. அதை 1 ரிங்கிட் ஆக்குவது அடையாள அட்டை. ஆகவே இவர்களைப் பொறுத்தவரை மருந்துக்கான மலிவு வழி தேசியப் பதிவு இலாகாவில் தொடங்குகிறது.

7. நான்காம் பட்டியல்: கிளினிக்குகள்

தோட்டத்து மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. காலனியத் தொழிற்சட்டங்கள் தோட்ட முதலாளிகள் மருத்துவமனை நடத்தவேண்டும் என்று விதித்தன. சிறு தோட்டங்கள் சேர்ந்து ஒரு கூட்டு மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தன. அன்றாடம் மருந்து கொடுத்தவர் தோட்டத்து மருத்துவ உதவியாளர். மருத்துவர் குறித்த நாள்களில் வந்து போனார். 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும் மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக வைத்தது.

இந்த முறையின் பலம் அண்மை: லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மருந்து. அதன் பலவீனம், மருந்துச் செலவு முதலாளியின் கணக்கில் ஏறியதால் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் அப்பால் அது நீளாதது. பீடோங், கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது குடும்பங்கள் தாமான் எனப்படும் நகரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. தோட்டத்து ஆஸ்பத்திரியும் மறைந்தது. அதன் இடத்தை நிரப்ப வேண்டியது அரசுச் சுகாதாரக் கிளினிக்.

ஹெப்படைட்டிஸ் சியில் அந்த மாற்றம் 2018 இறுதியில் தொடங்கியது. நாட்டின் 25 ஆரம்ப சுகாதாரக் கிளினிக்குகளில், விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தைக் கொண்டு சில நிமிடங்களில் முடிவு சொல்லும் பரிசோதனை சோதித்துப் பார்க்கப்பட்டது. சர்வதேச நோயறிதல் அமைப்பான ஃபைண்ட் இதில் சுகாதார அமைச்சோடு பணியாற்றியது. அதில் தொற்றின் தடயம் தெரிந்தால், ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று உறுதிசெய்யும் இரண்டாம் பரிசோதனை. அதன்பின் கல்லீரல் நிலையைப் பார்த்து, சிக்கலற்றவர்களுக்குக் கிளினிக் மட்டத்திலும் சிரோசிஸ் உள்ளவர்களுக்கு மருத்துவமனையிலும் சிகிச்சை என்பது இந்தப் பரவலாக்கத்தின் தத்துவம்.

இது கெடாவின் நிலவியலில் பெரிய பொருள் கொண்டது. சுங்கை பட்டாணியிலிருந்து அலோர்ஸ்டார் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பாலிங்கிலிருந்து கிட்டத்தட்ட 100. கோல கெட்டில் பக்கத்து உள்தோட்டத்திலிருந்து முக்கியச் சாலைக்கு வரவே மோட்டார் சைக்கிள் வேண்டும். சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையும் கூலிமிலும் பாலிங்கிலும் மாவட்ட மருத்துவமனைகளும் உள்ளன. நோயாளியின் பெயர் எந்தக் கிளினிக்கில் பதிவாகிறது என்பதைப் பொறுத்து ஒரு பயணம் அரை மணியாகவோ அரை நாளாகவோ ஆகிறது. பெரிய மருத்துவமனையில் தொடங்கிய மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் அஞ்சலில் பெறும் ஏற்பாடும் அரசு மருந்தகங்களில் உண்டு. அதற்கு நோயாளி மருந்தக மேசையில் கேட்டுப் பதிய வேண்டும். கேட்காதவர் பெயர் தானாக ஏறுவதில்லை.

8. சொந்தப் பணத்தின் வழிகள்

அரசு வழி இருக்கும்போதும் சிலர் தனியார் வழியை நாடுகின்றனர். காத்திருக்க மனமில்லாமை, தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்ற கூச்சம், அடையாள அட்டை இல்லாமை ஆகியவை காரணங்கள். அவர்களுக்குள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

காப்புறுதி. மலேசியாவில் மருத்துவ அட்டை எனப்படும் காப்புறுதி பெரும்பாலும் படுக்கை நோயாளிச் செலவுக்கானது. ஹெப்படைட்டிஸ் சி மாத்திரை வீட்டில் விழுங்குவது. ஆகவே அது வெளிநோயாளிச் செலவு. பாலிசிக்கு முன்பே தொற்று இருந்தது தெரிந்தால் அதுவும் தடை. கடும்நோய்ப் பாலிசிகளின் வழக்கமான 36 நோய்ப் பட்டியலில் இறுதிக்கட்டக் கல்லீரல் செயலிழப்பு இருக்கிறது. ஹெப்படைட்டிஸ் சி தொற்று இல்லை. அதாவது கல்லீரல் கெட்டபின் பணம் வரும். கெடாமல் காக்கும் மாத்திரைக்கு வராது.

ஊழியர் சேமநிதி. 2024 மே மாதம் முதல் உறுப்பினரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. 10 விழுக்காடு போய்ச்சேரும் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 15 விழுக்காடு சேரும் கணக்கிலிருந்து வரையறுத்த நோய்களுக்கான மருத்துவச் செலவுக்கு எடுக்கலாம். ஜெனரிக் விலையில் இது சாத்தியமான வழி. முதுமைக்கான பணத்தை 1 ரிங்கிட்டில் கிடைக்கும் மருந்துக்குச் செலவிடுவது அறிவுடைமையாகாது என்பதே இதற்கு எதிரான வாதம்.

மருத்துவ உதவி நிதி. சுகாதார அமைச்சின்கீழ் 2005இல் தொடங்கப்பட்ட இந்நிதி, மருத்துவமனை இலவசமாகத் தராத மருந்துக்கும் கருவிக்கும் ஏழை நோயாளிகளுக்கு உதவுகிறது. மனு அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணி அதிகாரி வழியாகவே போகும். சம்பளச் சீட்டு, குடும்ப உறுப்பினர் விவரம், மருத்துவரின் பரிந்துரை ஆகியவை வேண்டும்.

விலை ஒப்பீடு. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை நடைமுறையில் உள்ளது. மருத்துவரிடம் சீட்டை மட்டும் எழுதி வாங்கி வேறு மருந்தகத்தில் மருந்தை வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு. அரசு விலையைக் கட்டுப்படுத்தவில்லை; வெளிக்காட்ட மட்டும் செய்கிறது.

எல்லை கடந்து வாங்குதல். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டினால் தாய்லாந்தின் ஹட்யாய். கெடா மக்களுக்குப் பழகிய பயணம் அது. சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேற்படாத அளவு மருந்தைக் கையோடு கொண்டுவர மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு விதிகள் அனுமதிக்கின்றன. 12 வாரச் சிகிச்சைக்கு மூன்று பயணம் தேவைப்படும். பதிவில்லாத மருந்தின் தரம், இடையில் நிறுத்தினால் வைரஸ் மருந்தை எதிர்க்கப் பழகும் அபாயம், கண்காணிக்க மருத்துவர் இல்லாமை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் இந்த மலிவு வழி மலிவாக இருப்பதில்லை.

9. பட்டியலில் இல்லாத செலவு

நான்கு பட்டியலிலும் பெயர் உள்ள ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம்: குடியுரிமை உண்டு, மருந்து உண்டு, அருகில் கிளினிக் உண்டு. அவர் எத்தனை முறை போக வேண்டும்? விரல் நுனிப் பரிசோதனைக்கு ஒருமுறை, உறுதிப் பரிசோதனைக்கு ஒருமுறை, மருந்து தொடங்க ஒருமுறை, மாத மருந்து வாங்க மேலும் இருமுறை, சிகிச்சை முடிவில் ஒருமுறை, 12 வாரம் கழித்துக் குணம் உறுதிசெய்ய ஒருமுறை. ஏழு முறை. கிளினிக் கட்டணம் மொத்தம் 7 ரிங்கிட்.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் சொச்சம். ஏழு நாள் கூலி போனால் 455 ரிங்கிட். மருந்துக் கட்டணத்தைப் போல 65 மடங்கு.

சட்டம் இதற்குத் தீர்வு தருவதாகத் தோன்றும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு அளிக்கிறது. ஆனால் அந்த விடுப்புக்கு எம்.சி. எனப்படும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். மருந்து வாங்க மட்டும் வந்தவருக்குக் கிளினிக் தருவது பெரும்பாலும் டைம் ஸ்லிப்: இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இங்கே இருந்தார் என்ற சீட்டு. பால்மரம் வெட்டுபவரின் வேலை விடியற்காலையில். வேலைக்கு முந்தைய பெயரழைப்பான பெரட்டுக்குப் பெயர் கொடுக்காதவர் காலை 11 மணிக்குச் சீட்டோடு திரும்பினால் அவருக்கு அன்று வெட்ட மரமில்லை. குத்தகைக்காரரின்கீழ் நிறைக்கு ஏற்பக் கூலி வாங்குபவருக்கு அந்தச் சீட்டு வெறும் தாள்.

நோயின் இயல்பும் இதைக் கூர்மையாக்குகிறது. உடம்பு நன்றாக இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸுக்காக ஏழு நாள் கூலியை விட வேண்டும். கடைசிப் பரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுவோரை அலட்சியக்காரர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மாத்திரையும் முடிந்து, உடம்பும் தேறியபின், குணமானதை ஒரு தாளில் பார்க்க இன்னொரு நாள் கூலியை அவர்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும்.

10. முடிவு

கெடாவின் ஹெப்படைட்டிஸ் சி நோயாளிக்கு மலிவான வழி எது என்ற கேள்விக்கு விடை தெளிவானது: அரசுச் சுகாதாரக் கிளினிக்கில் பரிசோதனை, உறுதியானால் அரசு மருந்து, பின் வீட்டுக்கு அருகில் மருந்து வாங்கும் பதிவு. காப்புறுதியும் சேமநிதியும் எல்லைப் பயணமும் அதற்கு ஈடாகா. அந்த வழி நோயாளிகளின் சேமிப்பால் உண்டானதன்று. 2016இல் எகிப்திய நிறுவனத்தோடு பேசிய ஒரு விலையாலும், 2017இல் மலேசிய அமைச்சரவை எடுத்த ஒரு சட்ட முடிவாலும் உண்டானது.

விலை இறங்கியதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. நாட்டுப் பட்டியலில் மலேசியா ஏறிவிட்டது. மருந்துப் பட்டியலில் மாத்திரை ஏறிவிட்டது. இன்னும் நிறைவேறாதவை மூன்று: அட்டையில்லாதவரைக் குடிமக்கள் பட்டியலில் ஏற்றுவது, உள்தோட்டத்துக்கு அருகிலுள்ள கிளினிக்கைச் சிகிச்சைப் பட்டியலில் ஏற்றுவது, மருந்து நாளை வேலை நாளாகத் தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் ஏற்றுவது. மூன்றாவதற்கு வெளிநாட்டு நிறுவனத்தோடு பேரம் பேச வேண்டியதில்லை. மருந்து வாங்க வருபவருக்கும் எம்.சி. எழுதுவது, அல்லது கிளினிக்கில் மாதம் ஒரு பிற்பகலை அவர்களுக்கு ஒதுக்கி வைப்பது போன்ற சிறு ஏற்பாடுகள் போதும்.